படங்கு கட்டிய முனி

கல்பாலத் தோட்டத்தில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று சாமியை அவமதித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது நான் லொறியில் முட்டைக்கோவா நிறுத்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். கோவாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த இராஜகுமாரி அக்கா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு அரைக் கிலோ கூடவே போட்டேன்.

நான் அந்தத் தோட்டத்து ஆள் இல்லை. இறம்பொடைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன். பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு, பொகவந்தலாவைக் கடைவீதியைத் தாண்டி ஒன்பது முடக்கு ஏறி, கல்பாலத்துக் கொழுந்து மடுவத்தின் பக்கத்தில் லொறியை நிறுத்துகிறவன். மடுவம் என்றால் பெண்கள் எடுத்து வரும் தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டில். அங்கே அரைமணி நேரம் நின்றால் போதும், தோட்டத்துச் சங்கதி ஒன்று பாக்கியில்லாமல் காதில் விழுந்துவிடும்.

அந்தப் பிள்ளை தனுஜா. எனக்கு நன்றாகத் தெரியும். லொறிக்குப் பின்னால் வந்து கரட் ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்துக் கடித்துவிட்டு, அப்புறம் “எடுத்துக்கவா மாமா?” என்று கேட்கிற ரகம். அப்பா வீரய்யா தேயிலை ஆலையில், கொழுந்தை உருட்டி அரைக்கிற ரோல் அறையில் வேலை செய்கிறார். ஆலையை இங்கே யாரும் ஆலை என்று சொல்வதில்லை, ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அம்மா அம்மாக்கண்ணு கொழுந்தெடுக்கிறவள். முப்பது வருஷத்துக் கை. பச்சை மழையில் மற்றவள் பதினைந்து கிலோ எடுக்கிற மலையில் அவள் இருபத்திரண்டு எடுப்பாள், எடுத்துவிட்டு அலட்டிக்கொள்ளவும் மாட்டாள்.

அவமதிக்கப்பட்ட சாமியையும் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்தில் ஸ்டோர் இயந்திரமெல்லாம் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. அந்தச் சக்கரத்துக்கு ரோதை என்று பேர். அதைக் காக்கிறவர் ரோதைமுனி. இப்போது மின்சாரம் வந்து, ரோதை துருப்பிடித்து ஆற்றோரம் கிடக்கிறது. ஆனால் முனி போகவில்லை. ஸ்டோர் வாசலில் தகரக் கொட்டிலுக்குள் ஒரு கல்லாக, சிவப்புத் துண்டு சுற்றிக்கொண்டு இருக்கிறார். காலையில் வீரய்யா அவருக்கு விளக்கேற்றிச் சூடம் காட்டின பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை கூட அதுவரை பொறுத்திருப்பார். வீரய்யாவின் வாழ்க்கையில் அவர் தலை நிமிர்ந்து நிற்கிற நேரம் அந்த ஐந்து நிமிஷம்தான்.

இனி, அந்த அவமதிப்பு நடந்த படத்தின் கதை. தோட்டப் பள்ளிக்கூடத்து சுதர்ஷினி டீச்சர் சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஸ்டோருக்குள்ளேயே இருந்து சலித்துப்போன ரோதைமுனி, இந்தக் கொழுந்தெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது பார்ப்போம் என்று ஒரு நாள் சிறுபிள்ளை வடிவம் எடுத்து மலைக்கு ஏறுகிறார். அங்கே யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. கூடையைக் கொடுத்து நிரையில் நிறுத்திவிடுகிறார்கள். பொழுதுபட்டதும் நிறை குறைந்ததென்று கங்காணியிடம் வசவு வாங்கிக்கொண்டு, கொழுந்து மூட்டை இறங்குகிற கம்பியில் ஏறிப் பனிமூட்டத்துக்கு மேலே பறந்து ஸ்டோருக்குத் திரும்புகிறார். இவ்வளவுதான் கதை. மூன்று வருஷம் அந்தப் புத்தகம் பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்தது. எந்தச் சாமிக்கும் கோபம் வரவில்லை, ஏனென்றால் எந்த ஆசாமியும் அதைப் படிக்கவில்லை.

ஹட்டனில் கல்யாண வீடியோ எடுக்கிற சுமன் அதைப் படமாக்கினான். நல்ல பையன், ஆனால் டவுன் பையன். மாசியில் பத்து நாள் வந்து எடுத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை நடிக்கச் சொல்லிப் பார்த்து, கடைசியில் முனி வேஷத்துக்கு தனுஜாவைப் பிடித்தான். சிவப்புத் தலைப்பாகை, மையால் வரைந்த மீசை, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. படங்கு என்பது கொழுந்தெடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமலும் பனித்தண்ணீர் நனைக்காமலும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த ரெட்டுத் துணி. அம்மாக்கண்ணு அந்த நாட்களில் மேல்மலையில் வேலையாக இருந்ததால் எடுத்ததைப் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்ததும் சுமன் அரை நிமிஷத் துண்டொன்றைப் போனில் அனுப்பிவைத்தான். பிள்ளைகள் ஆளுக்காள் அனுப்பி, அது எங்கெங்கோ போய், கடைசியில் ஹட்டனிலிருந்து நெற்றி நிறையத் திருநீற்றோடு இரண்டு பேர் ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சமயத்தைக் காக்க வந்திருக்கிறார்களாம். தெய்வத்தைச் சிறுபிள்ளைகளின் கேலிப்பொருளாக்குகிற இந்தப் படத்தை எங்கேயும் போடக்கூடாது, நடித்தவர்கள் பரிகாரம் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முனி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் கந்தப்பன் கெட்ட மனுஷர் இல்லை. வேலையில் கங்காணி. இராஜகுமாரி அக்காவின் புருஷன். திருவிழா நெருங்குகிற நேரத்தில் வெளி ஆட்கள் வந்து தோட்டத்து மானத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. படத்தில் முனியைத் திட்டுகிறவன் ஒரு கங்காணி என்பதும் கொஞ்சம் உறைத்திருக்கும், அதை அவர் சொல்லவில்லை. கமிட்டி கூடி முடிவெடுத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டுகிறதற்கு முன்னால், ஸ்டோர் வாசலில், சனமெல்லாம் பார்க்க தனுஜா முனிக்கு முன்னால் விழுந்து “நான் செஞ்சது தப்பு” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று மாலை தோட்டத்து மைதானத்தில் போடவிருந்த படம் கிடையாது, வீரய்யா முனி விளக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். வீரய்யாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

இதுதான் நான் சிரித்த விஷயம். அன்றைக்கு அம்மாக்கண்ணு மடுவத்தில் கொழுந்தைக் கொட்டிவிட்டு மரக்கறி வாங்காமல் போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மிஞ்சிய போஞ்சியும் லீக்ஸும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்கள் லயத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. சித்திரை மழை அங்கே பின்னேரம் மூன்று மணிக்குக் கணக்காய் வரும், தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுகிறவன் கத்தித்தான் பேச வேண்டும். அம்மாக்கண்ணு ஒன்றும் கேட்காமல் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்து, ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியும் வைத்தாள். கோபத்திலும் கை மட்டும் உபசாரம் மறக்கவில்லை. தனுஜா மூலையில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வீரய்யா வாசல் பலகையில் மழையைப் பார்த்தபடி இருந்தார்.

நான் வந்த துணிவில் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“ஒரு நிமிச வேல செல்லசாமி. புள்ள விழுந்து எந்திரிச்சா முடிஞ்சுது. இவ என்னமோ தலைய வெட்டப் போற மாதிரி நாலு நாளா மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்கா.”

“என்னா தப்புன்னு சொல்லி விழணும்?” என்றாள் அம்மாக்கண்ணு. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“சாமி வேசம் போட்டது.”

“காமன் கூத்துல மூணு வருசம் ரதி வேசம் கட்டுனீங்க. எஞ் சேலையத்தான் உடுத்துக்கிட்டு ஆடுனீங்க. அப்ப யாரு முன்னால விழுந்தீங்க?”

“அது வெரதம் இருந்து கட்டுனது.”

“புள்ளயும் பத்து நாளு கறி மீன் தொடல. டீச்சர் சொன்னாங்கன்னு வெறுஞ்சோறும் பருப்பும் தின்னுச்சு. ஒங்க கண்ணு முன்னாலதான தின்னுச்சு?”

 விஷயம் வேஷம் இல்லை என்றார் வீரய்யா. பின்னே எது என்று அவள் விடவில்லை. அவர் பீடியைத் தேடினார், கிடைக்கவில்லை. தேடுகிற கையை நிறுத்தாமலே சொன்னார்.

“படங்கு. சாமிக்குப் படங்கு கட்டி விட்டுட்டாங்கன்னுதான் பேச்சு. படங்கும் கூடையும்.”

அம்மாக்கண்ணுவின் படங்கு கதவு மூலையில் ஆணியில் தொங்கி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை எடுத்தாள். ஈரத்தோடு நாலாக மடித்தாள். கொண்டுவந்து வீரய்யாவின் மடியில் வைத்தாள்.

“இப்பச் சொல்லுங்க. இத மடியில வச்சிக்கிட்டு, அது சாமிக்குக் கேவலம்னு எனக்குச் சொல்லுங்க.”

அவர் மடியிலிருந்து அதை எடுத்துக் கீழே வைக்கவில்லை. வேட்டி நனைந்துகொண்டே போயிற்று. கடைசியில் மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

“அந்த வெளக்க எங்கையிலேருந்து வாங்கிட்டாங்கன்னா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஸ்டோருக்குள்ள போவேன் அம்மாக்கண்ணு? அது ஒண்ணுதான எனக்கு இருக்கு.”

பாவம், அதுவும் உண்மைதான். எனக்கு இரண்டு பேர் மேலேயும் இரக்கமாக இருந்தது. அப்போதுதான் மூலையிலிருந்து தனுஜா தலையைத் தூக்காமலே பேசினாள்.

“நான் வர்றேம்பா. எது தப்புன்னு தலைவர் மாமா எங்கிட்டச் சொல்லட்டும். சொன்னாங்கன்னா விழுறேன்.”

சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாள். இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்கவே வேண்டாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வேலையும் இல்லை. காலையிலேயே வெறும் லொறியை உருட்டிக்கொண்டு போய்விட்டேன். வீட்டில் கேட்டதற்கு டயர் மாற்ற வேண்டும் என்று பொய் சொன்னேன். ஸ்டோர் வாசலில் இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆண்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில், பெண்கள் வழக்கம்போல் எட்டி, கொழுந்து லொறி திரும்புகிற இடத்தில். பனிமூட்டம் ஆற்றிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது. உலர்ந்த தேயிலை வாசம் சுவருக்குள்ளிருந்து வந்தது. வீரய்யா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனிக்குப் பக்கத்தில் நின்றார். 

கந்தப்பன் கடிதத்தை வாசித்தார். பிறகு தன் வார்த்தையில், நம்ம பிள்ளை தெரியாமல் செய்ததுதான், முனி பொறுப்பார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று நல்லபடியாகத்தான் பேசினார். தனுஜா முன்னால் வந்தாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். கும்பிட்டாள். விழவில்லை.

“எது தப்பு மாமா? மீசை வச்சதா?”

“மீசை இருக்கலாம். முனிக்கு மீசை உண்டுதான்.”

“கம்பியில பறந்ததா?”

“சாமின்னா பறக்குந்தான்.” ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

“பொம்பளப் புள்ள நடிச்சதா?”

கந்தப்பன் யோசித்தார். அதையும் தப்பென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற ஊரில் எப்படிச் சொல்வார். இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப எது?”

மனுஷர் மாட்டிக்கொண்டார். கமிட்டிக்குள் நாலு ஆண்கள் உட்கார்ந்து பேசும்போது சுலபமாக வந்த வார்த்தை, நூறு பெண்களுக்கு முன்னால் வெளியே வரவில்லை. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடிதத்தைப் பார்த்தார். கடிதத்தில் அந்த வார்த்தை இல்லை. டவுன்காரர்களுக்குப் படங்கு என்றால் என்னவென்றே தெரியாது. அது நம்மவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டது.

“அது வந்து... அந்தப் படங்கு. கூடை. சாமிக்கு அது... ஒரு இழுக்குத்தான?”

 பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், அவருடைய சொந்த வீட்டுக் குரல், மிகவும் நிதானமாகக் கேட்டது.

“என்னா சொன்னீங்க? எனக்குச் சரியா வெளங்கல. திரும்பச் சொல்லுங்க” என்றாள் இராஜகுமாரி.

அவர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். அம்மாக்கண்ணு பெண்கள் நின்ற இடத்திலிருந்து நடந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. பேசத் தெரிந்தவள் மாதிரியும் பேசவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“தலைவரே, தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டப் போறப்ப கத்திக்குப் பொட்டு வச்சுக் கும்புடுறீங்க. கவ்வாத்துசாமின்னு பேரு வச்சிருக்கீங்க. ரோதைக்கு முனி இருக்காரு. ஆம்பள கை வச்ச சாமானுக்கெல்லாம் சாமி இருக்கு. நாங்க தலையில மாட்டித் தூக்குற கூடைக்கு மட்டும் ஒண்ணுமில்ல. சரி, கேட்டோமா? ஒரு நாளும் கேக்கல. எங்கள்ல ஒருத்தி பெத்த புள்ள அந்தச் சாமியக் கூட்டிக்கிட்டு வந்து ஒரே ஒரு நாளு எங்க நெரையில நிக்க வச்சிருச்சு. அது இழுக்குன்னா, நாளைலேருந்து நாங்க எடுக்குற கொழுந்த இந்த வாசலுக்குள்ள விடாதீங்க. மெசினு என்னத்த அரைக்குதுன்னு பாத்துக்கிறோம்.”

அவ்வளவுதான் பேசினாள்.  என் அம்மாவும் இறம்பொடை மலையில் அந்தக் கூடையைத் தூக்கித்தான் எங்கள் ஐந்து பேரை வளர்த்தாள். லொறிக்காரன் என்று பேர் எடுத்த பிறகு, எங்கம்மா கொழுந்தெடுத்தவள் என்பதை டவுனில் நாலு இடத்தில் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

கந்தப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “வீரய்யா, பூசாரி நீ. முனிக்குச் சம்மதமா இல்லையான்னு நீதான் சொல்லணும்” என்று பொறுப்பை அவர் தலையில் போட்டார்.

எல்லாரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். அவர் முனியைப் பார்க்கவில்லை, கந்தப்பனையும் பார்க்கவில்லை. தட்டோடு இறங்கி வந்தார். மகளுக்குத் திருநீறு பூசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அம்மாக்கண்ணுவுக்கு முன்னால் போய் நின்றார். அவள் தலையில் கிடந்த முக்காட்டுத் துணியைத் தன் கையாலேயே விலக்கினார். உச்சிக்குச் சற்று முன்னால், கூடைக் கயிறு முப்பது வருஷம் அழுத்திய இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. தோல் தடித்து, மினுங்கி, காதிலிருந்து காதுவரை ஒரு பள்ளமாக ஓடியது. கொழுந்தெடுக்கிற எல்லாருக்கும் அது உண்டு, எல்லாரும் முடியை இழுத்து மறைத்துக் கட்டுவார்கள்.

வீரய்யா திருநீறு அள்ளி அந்தத் தடத்தில் பூசினார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மெதுவாகப் பூசினார்.

“எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் அவள்.

“பாக்கட்டும். முப்பது வருசமாப் பக்கத்துல படுத்திருக்கேன், இந்த எடத்த இன்னைக்குத்தான் தொடுறேன்” என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

அம்மாக்கண்ணு அழவில்லை. நிமிர்ந்து நின்றாள். அப்புறம் இராஜகுமாரி அக்கா வந்தாள். புருஷனைத் தாண்டி வந்து, கொண்டையை அவிழ்த்து, வீரய்யாவுக்கு முன்னால் தலையைக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் மலையில் நிரை பிடிக்கிற மாதிரி எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தலையிலும் அதே தடம்.  பாதி வரிசை போவதற்குள் தட்டில் திருநீறு தீர்ந்துவிட்டது. கந்தப்பன்தான் கொட்டிலுக்குள் போய் இன்னொரு தட்டு நிறைத்து எடுத்து வந்து பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரிசை முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். கடிதம் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. முகத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “செல்லசாமி, மைதானத்துல தெர கட்டுறதுக்கு ஒரு பக்கம் மரம் இருக்கு, மறுபக்கம் ஒண்ணுமில்ல. ஒன் லொறிய நிப்பாட்ட ஏலுமா?” என்று கேட்டார். ஏலும் என்றேன். வேறென்ன சொல்ல.

மழை விட்டு, வெளிச்சம் மங்கியதும் படம் போட்டார்கள். திரையின் ஒரு நுனி சவுக்கு மரத்தில், மற்ற நுனி என் லொறிக் கம்பியில். காற்றடித்ததால் நான் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது. எனக்குப் படம் தெரியவில்லை. படம் பார்க்கிற முகங்கள்தான் தெரிந்தன. முனி மலைக்கு வந்தார் என்று சிரிப்பில் தெரிந்தது, படங்கு கட்டினார் என்று அமைதியில் தெரிந்தது. கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது முதல் கொழுந்தைக் கூடைக்குள் வெறுமனே போடக்கூடாது, பெருகட்டும் என்று “பொலி, பொலி” கூப்பிட்டுத்தான் போட வேண்டும். எந்த மலையிலும் அதுதான் வழக்கம். டவுன் பையன் சுமனுக்கு அது எப்படித் தெரியும்? திரையில் முனி முதல் கொழுந்தைக் கிள்ளி, ஒரு வார்த்தை பேசாமல், கையைக் கூடைப் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். மைதானத்தில் இருந்த அத்தனை பெண்களும், அம்மாக்கண்ணுவும் இராஜகுமாரியும், நெற்றிக்கு மேலே வெள்ளைக் கோட்டோடு, ஒரே குரலில் அவருக்காகக் கூப்பிட்டார்கள்.

“பொலி... பொலி... பொலி...”

நான் கயிற்றை விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.